முக்காட்டுக்குள் ஒரு தலைவலி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பீகாரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்தான் அங்கே அதிகம். சுகாதார நிலையத்து நர்ஸான எனக்கு அந்த வரிசைதான் ஏரியா. புதிதாக ஒரு கர்ப்பிணி வந்து இறங்கினால், அவள் மூட்டை பிரிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

இந்தி மட்டும் வராது. அந்த நாட்களில் தமிழ் தெரிந்த ஆண் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்களிடம் கேள்வி கேட்பேன். ஒரு நாள், புதிதாக வந்திருந்த ஒரு கர்ப்பிணியின் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவளுக்கு எட்டாம் மாதம், ஊரிலிருந்து வந்து சில வாரங்கள்தான். முந்தின நாளே டபுள் ஷிப்டுக்குப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. அவனுடைய அண்ணன்தான் வீட்டில் இருந்தார். பல வருஷமாகப் பாத்திரக் கம்பெனியில் வேலை செய்பவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"தலைவலி இருக்கான்னு கேளு தம்பி."

"இல்ல சிஸ்டர், நல்லா இருக்கு."

"கண்ணு மங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

அவள் சேலைத் தலைப்பை மோவாய் வரை இழுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் பிரஷர் எக்கச்சக்கம். காலை அழுத்தினால் குழி விழுந்தது. இந்த நிலையில் ஜன்னி கண்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீ அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. நீயா பதில் சொல்லிக்கினு இருக்க. இது என்னா விளையாட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்க முடியாது சிஸ்டர். தம்பி பொண்டாட்டி என் முன்னால பேசக் கூடாது, முகம் காட்டக் கூடாது. எங்க ஊர்ல அப்படி. ஒரே வீட்ல இருக்கோம், அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கேக்குறீங்க. பதில் சொல்லலன்னா மரியாத இல்லையே."

எனக்கு ஒரு மரியாதை, அவளுக்கு ஒரு மரியாதை, நடுவில் ஒரு உயிர். அவரை வெளியே நிற்கச் சொன்னேன். கோடி வீட்டில் அவர்கள் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். மசாலா கம்பெனியில் பாக்கெட் போடுபவள். தமிழும் அங்கே கற்றதுதான், அதில் பாதி வசவு. ஓடிப்போய் அவளைக் கையோடு இழுத்து வந்தேன்.

கதவைச் சாத்தியதும் முக்காடு விலகியது. சின்னப் பெண். முகமெல்லாம் ஊதிப்போயிருந்தது. பேச ஆரம்பித்தவள் மூச்சு விடவில்லை.

"நேத்துலேர்ந்து மண்ட ஒடையுதாம். எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம். மேல் வயிறு வலிக்குதாம்" என்றாள் மசாலாக்காரி. "யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலயாம், எரும."

திட்டிக்கொண்டே அவள் தலையைத் தடவினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மசாலாக்காரி எங்களோடு பின்னால் ஏறினாள். அண்ணன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோயிருந்தார் என்பது அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அங்கே உடனே சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மசாலாக்காரிதான் எனக்கு வாய்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஆண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, ஆனால் தாயும் பிள்ளையும் தப்பித்துவிட்டார்கள். அண்ணன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். உள்ளே யாரோ இந்தியில் சண்டை பிடிக்கும் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"யாரு சிஸ்டர் அது, இவ்ளோ சத்தமா?"

எட்டிப் பார்த்தேன். பிள்ளையைத் துணியில் சுற்றிய விதம் சரியில்லை என்று மசாலாக்காரியிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"உன் தம்பி பொண்டாட்டிதான்" என்றேன்.

சட்டென்று எழுந்தார். படிக்கட்டு வரை போனவர் சுவரைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். உள்ளே சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அவர் பக்கத்தில் போனேன்.

"நல்ல கெட்டியான குரல் சிஸ்டர்" என்றார். "நான் கீழ போறேன். அவ பேசட்டும்."