ஃபெலிக்ஸ் சொன்ன மாதா பிரார்த்தனை

வடக்குத்து ஊரில் எந்த வீட்டில் ஜெபம் என்றாலும் ஃபெலிக்ஸைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். மாதாவின் பட்டங்கள் வரிவரியாக நீளும் மாதா பிரார்த்தனையை ஒரு வரி பிசகாமல் மனப்பாடமாகச் சொல்வான். புத்தகத்தைத் தொட்டால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல். அந்தக் குரலுக்காகவே ஜெயசெல்வி அவனைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் கஞ்சாவால் கெட்டது. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தான். பிறகு தூங்கவும் அதுதான், எழுந்திருக்கவும் அதுதான். வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. நிலக்கரி ஓடும் பெல்ட்டுகளில் சூப்பர்வைசர் ஒரு பெல்ட்டைச் சொன்னால் இன்னொரு பெல்ட்டில் போய் நிற்பான். உயிரோடு வீடு வந்ததே பெரிய காரியம். வேலை போயிற்று.

ஜெயசெல்வியை வாட்டியது வேறு. "சாப்டியா செல்வி?" என்பான். "ஆச்சு" என்பாள். அவள் கை கழுவி வருவதற்குள் மறுபடி அதே கேள்வி. "இப்பத்தான கேட்டீங்க" என்றால் முறைப்பான்.

"நான் எப்பக் கேட்டேன்?"

மறந்தால்கூடப் பரவாயில்லை. மறந்ததே தெரியாத மனுஷனோடு என்னதான் பேசுவது?

அவன் அம்மாவின் அடக்கத்தன்று அவனுக்குப் பிரார்த்தனை பாதியில் மறந்துபோய், வேறொருவர் சொல்லி முடித்தார். அந்த அவமானத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தான். "கஞ்சாவ விட்டா ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும்மா. பழையபடி முழுசா வரும்னு மட்டும் நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார் டாக்டர். முதலில் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் கோபம். ஆனாலும் விட்டவன் திரும்பத் தொடவில்லை.

அம்மாவின் வருஷ நினைவு ஜெபம் வந்தது. "நானே சொல்றேன். புக்கு வேணாம்" என்றான். ஜெயசெல்வி நம்பாமல் புத்தகத்தை மடியில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பழைய வேகம் இல்லை, ஆனாலும் சொன்னான். பாதியைத் தாண்டியதும், முன்பே சொன்ன வரிக்குத் திரும்பிப் போனான். கூட்டம் வழக்கம்போல "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. அடுத்ததும் சொன்ன வரிதான். அதற்கும் பதில் வந்தது. ஜெயசெல்வியின் கை முந்தானைக்குள் புத்தகத்தைத் தேடியது. இவ்வளவு பட்டும் ஒன்றும் மாறவில்லையா?

ஃபெலிக்ஸ் நிறுத்தினான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"இத முன்னாடியே சொல்லிட்டேன், இல்ல?"

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனாகவே கண்டுபிடித்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"மடியில வச்சிகினு இருக்கியே, அந்த புக்கக் குடு செல்வி" என்று கை நீட்டினான். வாங்கிப் பிரித்து, விட்ட இடத்தைத் தேடிப் படித்தான்.

ஜெயசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.