தகரம் கேட்காத மத்தியானம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

அப்போது இலங்கையில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். சரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளாக மூன்று லயங்கள், எங்களுடையது நடுவில். அடைமழை நாளில் மேல் லயத்து முத்தாயி விட்டு விட்டுத் தகரம் தட்டுவாள். மண் அசையவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டு நான் தட்டுவேன். கீழ் லயம் நிம்மதியாக இருக்கும். அங்கேதான் என் மூத்த மகள் கைக்குழந்தையோடு இருந்தாள்.

அன்று மத்தியானம் சத்தம் நின்றுபோனது.

"மழை இரைச்சல்ல கேக்கலக்கா. பயப்படாதீங்க," என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா.

"கேக்காததுதான்டி பயமா இருக்கு."

எங்கள் லயத்தைக் கிளப்பிவிட்டுக் கீழே ஓடினேன்.

"அத்தைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. உலையில சோறு கெடக்கு," என்றார் மருமகன். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கோயில் மேட்டில் ஏறினேன். திட்டிக்கொண்டே எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

அந்தச் சோறு வெந்திருக்காது. அதற்குள் மலை இறங்கி எங்கள் லயத்தையும் கீழ் லயத்தையும் மூடிவிட்டது.

மேலே நிலம் வெடித்ததும் முத்தாயி தகரத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு மறுபக்கம் ஓடியிருந்தாள்.

இன்றைக்கும் இடிக்கு நான் பயப்படுவதில்லை. சத்தம் நின்றால்தான் பயம்.

எழுத்துக்கூட்டி எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். சத்தமா வாசி கண்ணு. நடுவுல மட்டும் நிறுத்திறாத.