பேரிங்கில் வைத்த மண்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கார்ச் சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைக்கச் சொன்னால் இன்றைக்கும் வைப்பேன். எங்கள் அப்பா அந்தக் காலத்திலேயே கார் வைத்திருந்தவர். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் ஆள் ஏற்றிப் போவார். ஏதோ ஒரு மலைத்தோட்டத்துத் துரை ஓட்டித் தள்ளிவிட்ட பழைய வண்டிதான். இருந்தாலும் கார் கார்தானே.

நான் பால்குடி மறக்கும் முன்பே அம்மா போய்விட்டாள். கூடப் பிறந்தவரும் இல்லை. ஒன்பது வயதில் நானே உலை வைத்தேன். அப்பா காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அதுவரைக்கும் வீட்டில் நானும் அடுப்பும்தான். ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை துணி காயப்போட வெளியே வர வேண்டும்.

அப்போதுதான் காரின் முன்சக்கரம் ஒன்று முனக ஆரம்பித்தது. வேகம் கூடக்கூட முனகலும் கூடும். வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே எனக்குக் கேட்டுவிடும். அதற்குப் பிறகு பயமில்லை. சோற்றை வடித்து, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பேன். ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பா வருவது அம்புட்டுத் தூரத்திலேயே தெரியும்?

அப்பாவுக்கோ அது வெட்கம். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் ஒருவர், "ஏன்யா, உம்ம வண்டிக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாராம். மதுரையிலிருந்து புது பேரிங் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மகாராஜபுரம் போக வேண்டுமாம். அங்கே இந்தச் சத்தத்தோடு போய் இறங்க முடியாதாம். ஏதோ பெரிய இடத்துச் சவாரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினார். அதன் உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிய ஏனத்தின் அடியில் மணல் தங்கியிருந்தது.

"மண்ணு போயிருக்கு பாரு. அதான் இந்தக் கத்து கத்துது."

உள்ளங்கையில் கிரீஸை அப்பி, புது பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும் என்று செய்து காட்டினார். அதே சக்கரத்தின் வெளிப்பக்கத்துக்கான இரண்டாவது பேரிங்கை என் கையிலேயே கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. இனி வண்டி பூனை மாதிரி வரும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

பூனை வருவது யாருக்குக் கேட்கும்? வாசலிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து என் பேரிங்கில் வைத்து, மேலே கிரீஸைப் பூசிவிட்டேன்.

அப்பா வந்து எல்லாவற்றையும் மாட்டி, நட்டை முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நெறநெறவென்றது. நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். அப்படியேதான். மதுரைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முகம் செத்துப்போயிற்று. பேரிங்கைத் திரும்ப உருவி, ஒரு விரலால் வழித்து, விரல் நுனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்குட்டி போட்ட?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "சத்தம் நின்னுட்டா நீங்க வாரது எனக்குத் தெரியாதுல்லா."

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. மூன்று தடவை மண்ணெண்ணெய் மாற்றி அவரே கழுவினார், அவரே கிரீஸ் வைத்தார், மாட்டினார். அப்போதும் வெயில் இறங்கவில்லை. மகாராஜபுரம் போக நேரம் இருந்தது. அவரோ உள்ளே போய், தேய்த்து மாட்டியிருந்த சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். வண்டிக்குள் ஓலைக்கொட்டானில் பால்கோவா இருந்தது. எடுத்து என் மடியில் வைத்தார்.

"தின்னு தாயீ. இன்னைக்குச் சவாரி இல்ல."

மறுநாளிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஹாரனை அமுக்கிக்கொண்டே வர ஆரம்பித்தார்.

தலைப்பிள்ளைக்கு நான் தாய்வீடு வந்திருந்தபோதுதான் தெலுங்கு அத்தை சொன்னார்: "அன்னைக்கு மகாராஜபுரத்துல பொண்ணு வீட்டுக்காரங்க இருட்டுற வரைக்கும் காத்திருந்தாங்க. நீ தனியா கெடக்கியேன்னுதான் உங்கப்பா அதுக்கே சம்மதிச்சாரு. பொறவு யாரு கேட்டாலும், நான் வாரது எம்மவளுக்குத் தெரிஞ்சா போதும்னுட்டாரு."

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஒரு சவாரியைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் வருத்தம். பால்கோவாவில் பாதியை அப்பாவுக்கு நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் தின்று முடிக்கிறவரை சாக்கில் உட்கார்ந்து, தூக்கி நிறுத்தியிருந்த சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.