பில் வந்ததும் திரும்பி நிற்பவர்

கானாத்தூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும், படகில் ஏறினால் பூவராகனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் வலையை விட்டுவிட்டுத் தட்டை ஏந்தினார். நாவலூரில் ஐ.டி. கம்பெனிகளுக்கு எதிரே இருக்கும் மீன் சாப்பாட்டு ஹோட்டலில் பதினாறு வருஷமாக சப்ளையர். வஞ்சிரம் நேற்றையதாக இருந்தால், "இன்னிக்கு சங்கரா சாப்டுங்க சார்" என்று முதலாளி காதில் விழாமல் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரு பழக்கம். சோம்புக் கிண்ணத்தோடு பில்லை மேசையில் வைத்ததும் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். வைப்பவன் வைக்கட்டும், என் மூஞ்சிக்காக வைக்க வேண்டாம் என்பது அவர் கொள்கை. ஆனால் சாப்பிட வருகிறவர்கள் போனிலேயே பங்கு போட்டுப் பணம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து பத்து பேர் சாப்பிட்ட பில் பைசா சுத்தமாகப் பத்தாகப் பிரிந்துபோகிறது. மீதிச் சில்லறை என்று ஒன்று கிடப்பதே இல்லை. டிப்ஸை வேறொருவன் வைத்திருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டு கை கழுவப் போய்விடுகிறான்.

விழுகிற கொஞ்சநஞ்சமும் கல்லாவுக்குப் பக்கத்து டப்பாவில் சேரும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதைத் திறந்து, பாத்திரம் கழுவும் ரத்தினபாய் வரைக்கும் எட்டு பேருக்கும் சமபங்கு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ரத்தினபாய் கேட்டாள்: "அண்ணா, வூட்ல கேஸ் தீந்து மூணு நாளாச்சு. டப்பா இன்னா லட்சணத்துல கீது?"

"கவலப்படாத. மதியம் நிஷா டீமு வருது, பதினோரு பேரு. ரொம்பிடும்."

நிஷா அவர் மகள். சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வந்தவள் கொஞ்சமும் கூசவில்லை. "இவர்தான் எங்க அப்பா" என்று எல்லோரிடமும் சொன்னாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் தேவையில்லாமல் நாலு தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டார்.

பில்லை வைத்தார், திரும்பி நின்றார். பின்னால் டீம் லீடர் வினோத்குமார் குசுகுசுப்பது கேட்டது. "இவரு நிஷாவோட அப்பா. அவருக்குப் போய் டிப்ஸ் வைக்கறதா? அவமானப்படுத்துற மாதிரி ஆயிடும்." மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். பணம் போனிலேயே போனது. பிறகு வரிசையாக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

"சாப்பாடு சூப்பர் அங்கிள்!"

மரியாதை வயிறு முட்டக் கிடைத்தது. டப்பாவில் ஒரு ரூபாய் விழவில்லை. சமையல்கட்டு வாசலில் ரத்தினபாய் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

வாயைத் திறந்தால் நாளைக்கு ஆபீசில் பேச்சு வாங்கப்போவது மகள். திறக்காவிட்டால் ரத்தினபாய் வீட்டில் அடுப்பு எரியாது. பூவராகன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் வெளியே போகும் தெரு வாசலில் நின்றார். பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"தப்பா எட்த்துக்காதீங்க தம்பி. நிஷா அப்பாவுக்கு ஒண்ணும் வேணாம். ஆனா இது எட்டு பேரு டப்பா. உள்ள பாத்திரம் கழுவுற அக்காவுக்கும் இதுலதான் பங்கு கீது."

வினோத்குமார் காது சிவக்கப் பர்ஸைத் துழாவினான். மற்றவர்களும் துழாவினார்கள். மடங்கிக் கிடந்த நோட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

நிஷா கடைசியாக வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றை டப்பாவுக்குள் திணித்தாள். வாய்ப்பழக்கம், பூவராகனுக்குத் தானாக வந்துவிட்டது.

"தேங்க்ஸ் மேடம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவர் திரும்பி நின்றுகொண்டார்.