ஞாபகசக்தி லேகியம்

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஞாபகசக்தி லேகியம் விற்ற அந்த ஆளை எனக்குக் கட்டோடு பிடிக்காது. எழுபதுகளில் நான் கல்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியர். தினமும் காலையில் என் பஸ் கிளம்பும்வரை அவருடைய கூச்சலைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். எண்ணெய் வழியும் தலை, காதில் செருகிய பீடி, கையில் துணியில் ஒட்டிய ஒரு படம். "இதாம்பா மூளை" என்று குச்சியால் தட்டுவார். படத்தில் இருந்தது சிறுகுடல்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனேன்.

"யோவ், அது குடல். ஞாபகம் லேகியத்துல வராது. மூளையில ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் நடுவுல இணைப்பு இருக்கு. ஒண்ணையே திரும்பத் திரும்பப் பாத்தா, கேட்டா, அந்த இணைப்பு பலமாகும். அதுதான்யா ஞாபகம்."

அவர் நிதானமாகப் பீடியைக் காதிலிருந்து எடுத்தார்.

"அதத்தான் சார் நானும் தெனம் செஞ்சிகினு கீறேன்."

படிக்காத ஜென்மம் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கரும்பலகையில் மூளையை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். இன்றும் யாராவது மூளை என்று சொன்னால், என் கண்ணில் முதலில் வந்து நிற்பது அந்தக் குடல்தான்.