செலின் ஓட்டும் என் கார்

இங்கே பெட்ரோல் பங்கில், "மேடம், ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்ல ஆள் கிடையாது. நாமே இறங்கி, நாமே குழாயை எடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். ஜெர்மனிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஹன்னலோரே அம்மாளோடு அவருடைய பழைய காரில் கடைக்குப் போனேன். முழங்கால் வலி என்று பெட்ரோல் போடும் வேலையை என்னிடம் விட்டார். மூன்று குழாய்கள் தொங்கின. எதைப் போடுவது என்று, பாடம் பண்ணி வைத்திருந்த ஜெர்மனில் கேட்டேன். "சூப்பர்," என்றார். என் ஜெர்மனைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, "டாங்கே" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி கேட்டேன். "சூப்பர்!" என்றார், இன்னும் சத்தமாக. நானும் இன்னும் அகலமாகச் சிரித்தேன். கடைசியில் அவரே நொண்டிக்கொண்டு இறங்கி வந்து ஒரு குழாயை என் கையில் திணித்தார். சாதா பெட்ரோலுக்கு இங்கே பெயரே சூப்பர்தானாம்.

ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்ததும் திண்டுக்கல்லில் நிற்கும் என் காரின் நினைப்பு வந்துவிட்டது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தபோது, என் சம்பளத்தில், கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பார்க்கச் சின்ன வண்டிதான். ஆனால் உள்ளே இருப்பது டர்போ எஞ்சின். வத்தலக்குண்டு சாலையில் ஓர் அழுத்து அழுத்தினால், பின்னால் வருகிற வண்டியெல்லாம் கண்ணாடியில் புள்ளியாகிவிடும். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது அதை விற்க மனம் வரவில்லை. சாவியைத் தங்கை செலினிடம் கொடுத்தேன். அவள் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

சாவியோடு சட்டங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். எஞ்சின் சூடாகும்வரை விரட்டக் கூடாது. வேகமாக ஓட்டி வந்தால் உடனே அணைக்கக் கூடாது, டர்போ ஆறும்வரை செத்த நேரம் ஓடவிட வேண்டும். கம்பெனி சொல்லும் தூரத்துக்கு முன்னாலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பெட்ரோல். இப்போது ஊரில் சாதா பெட்ரோல் என்றாலே இருபது சதவீத எத்தனால். என் வண்டி அதற்கு முந்தைய காலத்தது. ரப்பர் குழாய்களை அது அரித்துவிடுமோ என்று எனக்குப் பயம். எனவே எத்தனால் கலக்காத, எஞ்சினைக் கடகடக்க விடாத நூறு ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும், அதுவும் மதுரைக்குப் போய்.

"பெட்ரோல் போட மதுரைக்கா? அங்கன போயிட்டு வாரதுக்கே பாதி காலியாயிருமேக்கா!" என்றாள் செலின்.

ஆனாலும் செய்தாள். ஒன்றுவிடாமல் செய்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாரந்தோறும் எஞ்சின் சத்தத்தைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். டிராம் நிறுத்தத்தில் குளிரில் நின்றுகொண்டு அதைக் காதில் வைத்துக் கேட்பேன். ஒரு பிசிறு இருக்காது. ஒரு குறையாவது காதில் விழாதா என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். ஊரில் வண்டியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் புத்தி புரியும். வண்டி நன்றாக இருக்க வேண்டும், ஆனால் நான் இல்லாமல் அத்தனை நன்றாக இருக்கக் கூடாது.

ஒரு நாள் போனில், "சிறுமலை ஏத்தத்துல கடகடன்னு சத்தம் வந்துச்சுக்கா," என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"என்ன பெட்ரோல் போட்ட?"

"கூட வேலை பாக்குற டீச்சருக்கு நெய்க்காரப்பட்டில கல்யாணம். திரும்பி வாரப்ப தீரப் போச்சு. வழியில சாதாதான் கெடச்சுச்சு. அதோடயே சிறுமலைக்கும் போயிட்டேன்."

நான் கத்தித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கியரக் கொறச்சு, அழுத்தாம மெதுவா ஏத்தி எறக்கிட்டேன். மக்கா நாளே மதுரைக்குப் போயி நல்லதா ரொப்பிட்டேன். இப்பச் சத்தமே இல்ல."

நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் வயிறு இன்னும் எரிந்தது. "இனிமே இந்தப் பெட்ரோலுக்கு அந்த வண்டி தாங்காது செலின். வித்துரலாம்," என்றேன். "ஒன் வண்டிக்கா. வித்துக்க," என்றாள்.

விடுமுறைக்குப் போனேன். வண்டியைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள், சர்வீசுக்கு விட்டிருந்த வண்டியை எடுக்க நானும் செலினும் போனோம். மெக்கானிக் என்னைப் பார்த்து, "செலின் டீச்சர் வண்டிக்கா வந்தீங்க?" என்றார். சாவியை வாங்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கை அவள் உயரத்துக்கு முன்னே தள்ளியிருந்தது. உள்ளே சாக்பீஸ் வாசனை. இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைப் போட்டேன். செலின் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆத்தூர் அணைக்குப் போகும் சாலை காலியாகக் கிடந்தது. எஞ்சின் சூடேறியதும் அழுத்தினேன். முதுகில் அந்தப் பழைய தள்ளல். அவ்வளவு நாள் வயிற்றெரிச்சலும் அந்த நொடியில் போன இடம் தெரியவில்லை. அதே வேகத்தில் ஒரு வளைவில் திரும்பி, கொஞ்சமும் யோசிக்காமல் சாலையின் வலப்பக்கத்தைப் பிடித்தேன். ஜெர்மனியில் லைசென்ஸுக்கு மறுபடி படித்துத் தேறி, ஹன்னலோரே அம்மாளின் காரை ஓட்டி ஓட்டிப் பழகிய பக்கம்.

"அக்கா, எடது! எடது!"

எதிரே மினிபஸ். எப்படித் திருப்பினேனோ, ஒரு தென்னந்தோப்பு ஓரமாய் வண்டி நின்றது. மினிபஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செலின் திட்டவில்லை. இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். நான் இடம் மாறி உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வாராருல்ல, அவர வர வேணாம்னு சொல்லிரு," என்றேன்.

"எனக்காகவாக்கா?"

"இல்ல. யாரோ ஒருத்தன் இத ஓட்டுறத நெனச்சா, நீ ஓட்டுறதுக்கு வயிறெரிஞ்சதவிடக் கூட எரியிது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அம்புட்டுப் பொறாமையா!" என்று வண்டியை எடுத்தாள். அழகாகத்தான் ஓட்டினாள். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. நான் இருந்தது இடப்பக்க இருக்கை. ஜெர்மனியில் அந்தப் பக்கம்தான் ஸ்டியரிங். செலின் கியர் மாற்றும்போதெல்லாம், என் இடது கால், அங்கே இல்லாத கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.