நடத்துபவர் பெயர்

குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் தென்காசியில் கால்பந்து தொடங்கும். இரண்டையும் இணைத்தவர் முதலாளி. குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் ஈரத் துண்டோடு திரிவதை அவர் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கடை, அரிசி ஆலை, நாலு பஸ் எல்லாம் வைத்திருந்த மனிதர். சும்மா திரிகிற கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. சொந்தமாக ஒரு அணியைச் சேர்த்தார். மற்ற ஊர் அணிகளை வரவழைத்துப் பந்தயம் நடத்தினார். ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டுவதாக நோட்டீசில் போட்டார். முழு வசூலும் தர்மத்துக்குப் போனால் கேளிக்கை வரி கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அப்போது கேளிக்கை வரி இன்ஸ்பெக்டர். செங்கோட்டை நம்மோடு சேர்ந்து, மாகாண எல்லை புளியறைக்கு நகர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. காசு நயா பைசாவாகியும் ஜனங்கள் வாயில் அணாதான் இருந்தது. சினிமா, சர்க்கஸ், நாடகம், பந்து என்று காசு வாங்கிக்கொண்டு எதைக் காட்டினாலும் டிக்கெட் புத்தகங்கள் முதலில் என் மேஜைக்கு வரவேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பேன். வாசலில் நிற்பவன் டிக்கெட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஆளிடம் கொடுத்து, மறு பாதியைப் பூட்டிய பெட்டியில் போடவேண்டும். கிழிக்காத டிக்கெட் மறுபடியும் விலைக்குப் போகும், மறுபடி விற்ற காசு எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் சட்டப் புத்தகம் கனமானது. ஆனாலும் அது நின்றது அந்த ஒரு கிழிசலின் மேல்தான்.

முதலாளியின் ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் மரக்கடைச் சம்பளப் பட்டியலில் தச்சர்கள். திருவனந்தபுரத்துப் பக்கமிருந்து வந்த கோல்கீப்பர் தலைமைத் தச்சர். அவர் உளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கூலிக்கு ஆடுகிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது பந்தய விதி. தச்சர் கூலி வியாபாரச் செலவு என்பதால் வருமான வரியும் குறையும். ஒரே பட்டியலில் இரண்டு இலாகாவுக்கும் பதில் சொல்லிவிட்ட சிக்கனத்தை, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான் மெச்சியதுண்டு. அது என் இலாகா இல்லை. தன் இலாகா இல்லாததைப் பார்க்காமலிருப்பதைச் சர்க்கார் உத்தியோகத்தில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிறோம்.

முதலாளியிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். பஸ்ஸுக்கு மைத்துனர், ஆலைக்கு மகன், மரக்கடைக்குக் கணக்குப்பிள்ளை. அவர் நிர்வாகியாக இருந்த பள்ளிக்கூடத்தில்கூட உத்தரவுகள் தலைமையாசிரியர் கையெழுத்தில்தான் வரும்.

ஒரு சீசனில், பந்தயத்துக்கான மனு மூன்றாவது கட்டம் காலியாக இருந்த நிலையில் என்னிடம் வந்தது. ‘நடத்துபவர் பெயர்’ என்ற கட்டம். முழுமையற்றது என்று எழுதித் திருப்பினேன். அடுத்த நாள் அதே மனுவோடு டிரில் வாத்தியார் வந்து நின்றார். முதலாளியின் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். அணியைப் பழக்கியதும் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் கறுத்த கழுத்தில் விசில் கயிறு பட்ட இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும்.

“சார், கட்டம் நிரப்பலன்னு திருப்பிட்டியளாம்லா?”

“மூணாவது காலியா இருக்கு.”

“முதலாளி பேரப் போட்டிரலாமா?”

“தாராளமா. கீழ அவர் கையெழுத்தும் வேணும். போடுவாரா?”

வாத்தியார் சிரித்தார். “அவரு கல்யாணத்துக்கே ரிஜிஸ்தர்ல மச்சினந்தான் கையெழுத்துன்னு ஊர்ல பேச்சு சார்.”

“சரி, மைதானத்தில் நிக்கிறது யாரு?”

“நாந்தான். விசிலு என் கழுத்துலல்லா கெடக்கு.”

“அப்ப நடத்துபவர் நீங்கதான்.”

அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. “இங்கிலீசுல்லா, நீங்களே எழுதிருங்க சார். உங்க எழுத்து முத்து மாதிரி இருக்கும்” என்றார். புகழ்ச்சிக்கு நான் அன்றும் இன்றும் பலவீனன். நல்ல மையில், நல்ல நிப்பில், அவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். மனு முழுமையடைந்தது.

கடைசிப் பந்தயத்தன்று மேற்கே மலை தெரியவில்லை. மேகம் மலையைத் தின்றுவிட்டுத் தென்காசியின் தலைக்கு மேல் வந்து நின்றது. சாரல் விட்டு விட்டு அடித்தது. பாக்குமரத்தைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்த கேலரியில் ஜனங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதிகாரிகளின் வரிசையில் நாற்காலி, தட்டில் மங்குஸ்தான் பழம். முதல் பாதி முழுக்க அங்கேயே இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“ஏலே கோலி, தச்சு வேலைய விட்டுட்டுப் பந்தப் பிடிலே!” என்று கேலரியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. முதலாளி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இடைவேளையில் அருவியிலிருந்து தாமதமான பஸ் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. கால் மரத்துப்போய் எழுந்தவன் வாசல் பக்கம் போனேன். ஆலங்குளத்து மிளகாய் வியாபாரி ஒருவர் என் கண் முன்னால் கவுண்டரில் கேலரி டிக்கெட் வாங்கினார். தலைக்கு மேல் குடை. கவுண்டர் தகரக் கூரைக்குக் கீழே. அவர் நீட்டிய டிக்கெட் மட்டும் தொப்பலாக நனைந்து, நடுவில் மடிப்பு விழுந்து, யாரோ மடியில் வைத்திருந்த புகையிலை வாடை அடித்தது.

“அண்ணாச்சி, இது எப்ப வாங்கினது?”

“கண்ண எங்கவே வச்சிருந்தீரு? இப்பத்தான வாங்குதேன்.”

“நனைஞ்சிருக்கே.”

“சீசன்ல நனையாதது உம்ம தலைதான். தொப்பி போட்டிருக்கீருல்லா. வழிய விடும்வே, ஆட்டம் தொடங்கிரும்.”

வாசலில் நின்ற ஆலை ஆட்கள் டிக்கெட்டைக் கிழிப்பதுபோல் விரலை அசைத்து, முழுசாகவே மடியில் செருகிக்கொண்டார்கள். கவுண்டருக்குப் பின்பக்கம் போனேன். கணக்குப்பிள்ளை கரி அடுப்பின் மேல் சல்லடையைக் கவிழ்த்து, அதில் டிக்கெட்டுகளைப் பரப்பி, அப்பளம் திருப்புவதுபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் என் முத்திரை. பஸ் கூட்டத்தின் அவசரத்தில் காயாத டிக்கெட்டும் கவுண்டருக்குப் போயிருக்கிறது.

“வாங்க சார்” என்றார், கொஞ்சமும் பதறாமல். “டீ சொல்லட்டா?”

அந்தப் பதறாமைதான் என்னை முதலில் பயப்படுத்தியது.

முதலாளியிடம் போனேன். அவர் பக்கத்து நாற்காலியில் என் மேலதிகாரி.

“கிழிக்காத டிக்கெட் கிடக்கு, அண்ணாச்சி. ரெண்டாவது தடவை விக்காங்க. கண்டதை அப்படியே பதிவு பண்ணி மகஜர் எழுதணும்.”

முதலாளி ஒரு மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். தோல் பிளந்து சிவப்புச் சாறு விரலில் வழிந்தது. “எழுதும் தம்பி. அதுக்குத்தான சம்பளம் வாங்குதீரு. யாரு நடத்துதாகளோ அவுககிட்ட கையெழுத்து வாங்கிக்கிடும். அங்கன நிக்காருல்லா, விசிலோட.” பிறகு என் மேலதிகாரி பக்கம் திரும்பினார். “வெவரமான புள்ள. மூணாவது கட்டத்த நெரப்பிக் குடுத்ததே இவருதான்.”

அந்தக் கட்டம் காலியாக வந்தது மறதியால் அல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் திருப்பி அனுப்புவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாத்தியார் வருவார், நான் விதியைச் சொல்லுவேன், எழுதியும் கொடுப்பேன் என்பது எல்லாமே தெரிந்திருந்தது. சட்டத்தை நான் படித்திருந்தேன். அவர் என்னைப் படித்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியாரிடம் மகஜரை நீட்டினேன். ஜெயித்த சந்தோஷத்தில் மூச்சிரைக்க வந்தவர் படித்துப் பார்த்தார். கேலரியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது சார்” என்று மட்டும் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாள் கழித்து ஆபீசுக்கு வந்தார். விசில் இல்லாத கழுத்தோடு அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“வேல போயிருமா சார்? அத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, கோர்ட்டில் வழக்கு. மற்றது, குற்றத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிச் சமாதானமாகப் போவது. எதில் போனாலும், பந்தயம் நடத்தியவர் அவர்தான் என்று பதிவாகும். பள்ளி நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆசிரியர் வெளித்தொழில் நடத்தினால் வேலையை விட்டு நீக்கலாம் என்று வேறொரு விதி இருந்தது.

“அனுமதி எழுத்தில் இருக்கா?”

“‘நீரு பாத்துக்கிடும் வாத்தியாரே’ன்னாரு. நிர்வாகியும் அவருதான, முதலாளியும் அவருதான. அவருகிட்டப் போயி எழுதிக் கேப்பனா சார்?”

அவரை நீக்கப் போகிறவரும் அதே ஆள்தான் என்பதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. வாத்தியார் ஜன்னல் வழியே மலை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். உண்மையில் நடத்தியவர் வேறு ஒருவர், லாபம் போன இடம் வேறு, அவரை விசாரித்து வாக்குமூலம் வாங்கவேண்டும் என்று. என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல குறிப்பு அது. இரண்டாம் நாள் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது. மேலே சின்னச் சீட்டு ஒன்று குத்தப்பட்டிருந்தது. ‘மனுவின் மூன்றாம் கட்டத்தில் உள்ள எழுத்து யாருடையது? விளக்கவும்.’

அதற்கு மூன்று விதமாக விளக்கம் எழுதலாம். மூன்றையும் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் வேலையில் போய் முடிந்தன. உரிமம் கேட்பவருக்காக மனு நிரப்பிக் கொடுக்கும் ஊழியருக்கு என்ன நடவடிக்கை என்பதும் எனக்கு மனப்பாடம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என்று சொல்கிறேன்.

குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு வழிமுறை உண்டு. ‘மேலும் தகவல் சேகரிக்கும் பொருட்டு’ என்று எழுதினால் போதும், தகவலைச் சேகரிக்க வேண்டியதில்லை. அப்படியே எழுதினேன். பிறகு வாத்தியாரை வரச் சொல்லி, எதிரே உட்காரவைத்து, ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். இந்தத் தடவை பேனாவை நான் தொடவில்லை.

“‘என் பொறுப்பில் நடந்த தவறு’ன்னா சார்?”

“ஆமா.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எழுதினார்.

அபராதத்தை முதலாளியே கட்டினார், தர்ம நிதியின் நிர்வாகச் செலவாக. ஆஸ்பத்திரிக்கு இரண்டு இரும்புக் கட்டில் போனது. கட்டிலின் தலைப்பக்கத்தில் முதலாளியின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. வாத்தியாரை நீக்கிய உத்தரவு தலைமையாசிரியர் கையெழுத்தோடு மாதக் கடைசியில் வந்தது. அதன் நகல் ஒன்று என் கோப்புக்கும் வந்தது. வரிசை எண் போட்டுச் சேர்த்தேன்.

அடுத்த சீசனில் மனு வந்தபோது மூன்றாவது கட்டம் நிரம்பியே இருந்தது. அதே பெயர், கோணல் மாணலான இங்கிலீஷில், இப்போது அவருடைய சொந்த எழுத்தில். விசாரித்ததில், அவர் மரக்கடையில் இருக்கிறார் என்றார்கள். சம்பளப் பட்டியலில் பன்னிரண்டாவது தச்சர். வேலை போன ஆளைக் கைவிடாத முதலாளி என்று ஊரில் நல்ல பேர்.

மனுவில் குறை இல்லை. அனுமதித்தேன். டிக்கெட் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றாக முத்திரை குத்தினேன்.

முதல் பந்தயத்தன்றும் சாரல் இருந்தது. வாசலில் ஆலை ஆட்கள் இல்லை. வாத்தியார்தான் நின்றார், தலையில் துண்டு போட்டு, தோளில் ஒரு துணிப்பை தொங்கவிட்டு. வந்தவர் ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டை வாங்கினார். நான் இரண்டு கஜ தூரத்தில் வந்து நின்றதைப் பார்த்தார். கையிலிருந்த டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே அதை முழுசாகப் பைக்குள் போட்டார். அடுத்ததையும் அப்படியே போட்டார்.

“அங்கன நாற்காலி போட்டிருக்கு சார்” என்றார் மரியாதையாக. “போயி இருங்க. நனையாண்டாம்.”

மகஜர் எழுதத் தாளும் மையும் இருந்தன, சாட்சிக்கு ஆளும் இருந்தார்கள். எழுதினால் அதில் யார் கையெழுத்துப் போடுவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போய் உட்கார்ந்தேன். தட்டில் மங்குஸ்தான் வந்தது. கேலரியில் கயிறு முறுகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தகரக் கூரையின் பின்பக்கமிருந்து கரிப்புகை வாடை வரத் தொடங்கியது.